ஜெபத்துக்கு அடியில் ஒரு சுருதி

கொண்டாப்பூர், ஹைதராபாத்
18 ஜூன் 2006

பியூலா அக்கா,

உன் கோபம் இன்னும் ஆறியிருக்காது என்று தெரியும். ஆறட்டும் என்று காத்திருந்தால் ஜெமிமாவுக்குக் கல்யாணமே ஆகிவிடும். அதனால் நானே முதலில் எழுதுகிறேன்.

அம்மா போன மாதம் செகந்திராபாத் ஸ்டேஷனில் பெட்டியோடு அரை நாள் உட்கார்ந்திருந்ததற்கு நான்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். நீ போனில் ரயில் தேதியைச் சொல்லவே இல்லை அக்கா. சொல்லியிருந்தால் வராமல் இருப்பேனா? இனிமேல் நமக்குள் போனே வேண்டாம், கடிதம் போடு. இந்த செல்போனை நம்ப முடியவில்லை. வலது காதில் வைத்தால் உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, இடது காதுக்கு மாற்றினால்தான் நீ திட்டுவதே விளங்குகிறது. டவர் கோளாறு என்று ஆபீசிலும் எல்லோரும் புலம்புகிறார்கள்.

எங்கள் சபை நன்றாக வளர்கிறது. இன்னும் அதே கல்யாண மண்டபத்து மாடிதான். சனிக்கிழமை ராத்திரி யார் வீட்டு ரிசப்ஷனோ நடக்கும். ஞாயிறு விடிந்ததும் நாங்கள் போய் சாமந்திப் பூவையும் பிரியாணி இலையையும் கூட்டித் தள்ளிவிட்டு டிரம்ஸை ஏற்றுவோம். டிரம்ஸ் வாசிக்கிற சங்கரை உனக்குத் தெரியும், ராமச்சந்திராபுரம் பேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், என் ஆபீஸ். தாளத்துக்காக வந்தவன் எங்களோடேயே தங்கிவிட்டான். உன் தம்பி பெண்டாட்டி ஷீபா பாடுகிறாள். நான் கீபோர்டு.

போன வாரம் பாஸ்டர் பிரசாத் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து, "பணத்தை மறந்துடுங்க பிரதர். ஆராதனைக்கு உங்க கனவு வாத்தியம் எது, சொல்லுங்க" என்று கேட்டார். சங்கர் நல்ல சிம்பல் வேண்டும் என்றான், இப்போதிருப்பது தாம்பாளத் தட்டு மாதிரி ஒலிக்கிறதாம். கிட்டார் பையன்கள் பன்னிரண்டு கம்பி கிட்டார் என்றார்கள். என் முறை வந்தபோது, எனக்கு வாத்தியமே வேண்டாம், ஒரு சத்தம் வேண்டும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

உன்னிடம்தான் விளக்க முடியும். நம் ஊர்க் கோயில் மணி ஓய்ந்த பிறகு காற்றில் கொஞ்ச நேரம் ஒரு ரீங்காரம் நிற்குமே, அது முடியாமலே நின்றால் எப்படி இருக்கும்? ஒரு நாள் தூக்கத்தில் அதைக் கேட்டேன், விழித்த பிறகும் கேட்டது. இப்போது அடிக்கடி வருகிறது, முக்கியமாக ஜெபத்தில் அமைதியாக இருக்கும்போது. அதை என் கீபோர்டில் கொண்டுவந்துவிட்டால் போதும், வேறு எந்த வாத்தியமும் வேண்டியதில்லை. இதில் இருக்கிற இருநூறு சத்தத்தில் ஒன்றுகூட அதற்கு அருகில் வரவில்லை.

அப்பாவின் கால் ஆர்மோனியம் உன் வீட்டில் சும்மாதானே கிடக்கிறது? அனுப்பி வைப்பாயா?

ஜெமிமாவுக்கு ஏழு வயது. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள். எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. ராத்திரி படுக்கும்போது என் வலது பக்கம் ஏறிப் படுத்துக்கொண்டு காதில் ரகசியம் சொல்வாள். எனக்கு ஒரு எழுத்தும் புரியாது, அவ்வளவு கிசுகிசுப்பு. நான் பெரிதாகத் தலையாட்டி, "இது நம்ம ரகசியம், யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று விரலை உதட்டில் வைப்பேன். அவளும் வைப்பாள். அத்தை எப்போது வருவாள் என்று கேட்கிறாள்.

கிங்ஸ்லி


பாளையங்கோட்டை
30 ஜூன் 2006

கிங்ஸ்லி துரைக்கு,

தேதியை மூன்று தரம் சொன்னேன். நீ மூன்று தரமும் "சரிக்கா, சரிக்கா" என்றாய். அம்மா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்டேஷனில் அந்தப் போர்ட்டர் உன் நம்பருக்குப் போட்டுக் கொடுத்தபோதும் "சரி, சரி" என்று சொல்லிவிட்டு வைத்தாயாம். கேட்காததற்கெல்லாம் சரி போடுகிற பழக்கத்தை எங்கே படித்தாய்? என் வகுப்பில் கணக்குப் புரியாத பிள்ளைகள்தான் இப்படித் தலையாட்டும்.

போகட்டும். அம்மா உன்னை மன்னித்துவிட்டாள், அவளுக்கு அது ஒன்றுதான் வேலை. நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆர்மோனியத்தை லாரி சர்வீஸில் போடச் சொல்லியிருக்கிறேன். பழைய கம்பளி சுற்றி, மரச் சட்டம் அடித்து வரும். எங்கள் கோயில் கொயரில் கேட்டார்கள், கொடுக்காமல் உனக்கு அனுப்புகிறேன். அப்பா கொயர் மாஸ்டரோடு சண்டை போட்டுக்கொண்டு வாசிப்பதை நிறுத்தின நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. துடை, வாசி, படம் எடுத்து அனுப்பு. திறக்காதே. சின்ன வயதில் நம் வீட்டு ரேடியோவை நீ திறந்து பார்த்த கதை எனக்கு மறக்கவில்லை.

தூக்கத்தில் சத்தம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறாய். ராத்திரி ஷிப்டைக் குறை.

பியூலா


கொண்டாப்பூர்
27 ஆகஸ்டு 2006

அக்கா, அக்கா, அக்கா,

திறந்துவிட்டேன். முதலில் திட்டி முடி, பிறகு படி.

உள்ளே வரிசையாகப் பித்தளை ரீடுகள், காற்றில் அதிர்ந்து ஒலிக்கிற நாக்குகள், எல்லாம் தூசு. துணியால் துடைத்துக்கொண்டே போனபோது ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. அதன் நுனியில் அரம் போட்டுத் தேய்த்த கீறல். ஒரு ரீடை அப்படித் தேய்த்தால் அதன் சுருதி கொஞ்சம் ஏறும். அதாவது அப்பா உட்கார்ந்து, பாட்டுக்கு உதவாத, இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கிற ஒரு சுருதியை வேண்டுமென்றே செய்து வைத்திருக்கிறார்! ஊதிப் பார்த்தேன். மறுபடி ஊதினேன். கிட்டத்தட்ட என் சத்தம் அக்கா. ஒரு இழை கீழே இருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் பித்தளை இறங்கியிருக்கும். அப்பாவும் இதைக் கேட்டிருக்கிறார்! கொடுத்துவைத்த குடும்பம் நாம்.

அந்த ரீடைத் தனியே கழற்றி மைக்கில் பதிந்து கீபோர்டில் ஏற்றினேன். கீபோர்டின் மொத்தச் சுருதியையும் என் சத்தம் நிற்கிற இடத்துக்கு நகர்த்திவிட்டேன். பேண்டில் எல்லோரும் கீபோர்டைக் கேட்டுத்தான் சுருதி சேர்ப்பார்கள் என்பதால் கிட்டார், பேஸ், பாடுகிறவர்கள், எல்லாரும் தெரியாமலே அங்கே வந்து சேர்ந்தார்கள். பாஸ்டர் ஜெபிக்கும்போது வழக்கமாக நான் அடியில் மெதுவாக ஏதாவது வாசித்துக்கொண்டிருப்பேன். அந்த ஞாயிறு அந்த ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஜெபம் முடிந்தும் விடவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் விம்ம ஆரம்பித்தாள். பிறகு மண்டபமே அழுதது. கால் சென்டர் பிள்ளைகள், வேலை போன பையன்கள், எல்லோரும் முழங்காலில். பாஸ்டர் என் தோளைப் பிடித்து, "பிரதர், இதி தேவுனி ஸ்வரம்" என்றார். தேவனுடைய ஸ்வரம். மைக்கிலேயே சொன்னார்.

சங்கர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "என்னடா இது, மொத்த பேண்டும் சுருதி விட்டு நிக்குது. புதுசா பாட வர்றவங்க தொண்டை கட்டிக்கிட்டுப் போறாங்க" என்றான். கொஞ்ச நாளாகவே அவனுக்குப் பொறாமை. நான் மேடையில் அவன் கூப்பிட்டால் திரும்புவதில்லையாம், தலைக்கனம் வந்துவிட்டதாம். அவன் என் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறான், அந்த சிம்பல் இரைச்சலில் யாருக்குத்தான் கேட்கும்?

டிசம்பரில் மைதானத்தில் கன்வென்ஷன். நான்கு சபைகள் சேர்ந்து நடத்துகின்றன. கூட்டம் முழுக்க இந்தச் சுருதியில்தான் என்று பாஸ்டர் முடிவு செய்துவிட்டார்.

பல் டாக்டரிடம் போனேன். வலது கன்னம் மரத்தாற்போல் இருக்கிறது, காபி ஒழுகுகிறது. பல்லில் ஒன்றுமில்லை என்கிறார். நீ கவலைப்படாதே.

கிங்ஸ்லி


பாளையங்கோட்டை
10 செப்டம்பர் 2006

கிங்ஸ்லி,

திட்டப் போவதில்லை. திட்டுகிற நிலையில் நான் இல்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ரீடை அரத்தால் தேய்த்த இடம் வந்ததும் அம்மா கையிலிருந்த அவரைக்காயைக் கீழே வைத்தாள். "போதும், மேல வாசிக்காதே" என்றாள். ஏன் என்று கேட்டேன். எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்றுக் கோயில் விட்டு வரும்போது, வழியில் நின்று சொன்னாள்.

அப்பா யாரோடும் சண்டை போடவில்லை கிங்ஸ்லி. கொயர் மாஸ்டர் கதை அம்மா கட்டினது. அப்பாவுக்கு முதலில் ஒரு காதில் சத்தம் வந்தது. சமையல்கட்டில் உட்கார்ந்து, "ஆலயத்துல யாரோ ஆர்கன் வாசிக்காங்க, உனக்குக் கேக்கலையா?" என்று கேட்பாராம். ராத்திரியில் ஆர்மோனியத்தைத் திறந்து அந்தச் சுருதியைத் தேடுவாராம். பிறகு அந்தக் காது போனது, அடுத்த காதும் போனது. பாட்டு முடிந்தது தெரியாமல் ஒரு ஞாயிறு அவர் மட்டும் வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார், சபை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் வாசிக்கப் போகவில்லை. வாய் கோணினதை வாத நோய் என்றார்கள். கடைசியில் வலிப்பு வந்து செத்ததும் அதனால்தான். தலைக்குள் காது நரம்பில் கட்டி என்று மதுரையில் டாக்டர் சொன்னதை அம்மா இத்தனை வருஷமும் வாயைத் திறந்து சொல்லவில்லை. நாளைக்கு எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது குடும்ப வியாதி என்று பேச்சு வந்துவிடும் என்ற பயம்.

போனை நீ இடது காதுக்கு மாற்றுகிறாய். வலது பக்கம் இருக்கிற சங்கர் கூப்பிடுவது கேட்கவில்லை. வலது கன்னம் மரத்திருக்கிறது. ஸ்டேஷன் விஷயத்தில் நான் உன்னை வைதது தப்பு, உனக்குக் கேட்டே இருக்காது. கணக்கு வாத்தியாரம்மா நான், இத்தனையும் கண் முன்னால் இருந்தும் கூட்டிப் பார்க்கவில்லை.

நாளைக்கே காது டாக்டரிடம் போ. ஷீபாவிடம் சொல். உன்னால் முடியாவிட்டால் நான் அவளுக்கு எழுதுவேன்.

பியூலா


கொண்டாப்பூர்
15 அக்டோபர் 2006

அக்கா,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஷீபா பார்த்துவிடக் கூடாது என்றுதான்.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததை இப்போது எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். நீயும் உடனே கணக்கைக் கூட்டிவிட்டாய். வியாதியைக் கேட்டா அக்கா மண்டபம் நிறைய ஜனங்கள் அழுதார்கள்? குடியை விட்டவன் இருக்கிறான். தூக்குப் போட்டுக்கொள்ள நினைத்தவள் மேடைக்கு வந்து சாட்சி சொன்னாள். அது ஒரு கட்டியின் வேலை என்றால் நான் அவளிடம் போய் என்ன சொல்வேன்? நீயே சொல்.

இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. டாக்டரிடம் போனேன். காதில் ஏதோ மாட்டி, சத்தம் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு மாற்றினோம் என்றார்கள், நான் பொத்தானைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் சோதனை முடிந்தது, எழுந்திருங்கள் என்றார்கள். தலையை ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்தார். கட்டியாக இருந்தால் ஆபரேஷன், அந்தக் காது திரும்ப வராது, தள்ளிப் போட்டால் உயிருக்கே ஆபத்து வந்துவிடும் என்றார். அப்படியானால் அந்தச் சத்தம் போய்விடுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கன்வென்ஷன் முடியட்டும். பிறகு ஸ்கேன். பாஸ்டரிடம் சொன்னேன், கையை வைத்து ஜெபித்தார். "சாத்தான் முதல்ல பாடகனைத்தான் தொடுவான் பிரதர்" என்றார்.

மேடைப் படியில் போன ஞாயிறு கொஞ்சம் சறுக்கினேன். இருட்டாக இருந்தது.

கிங்ஸ்லி


பாளையங்கோட்டை
2 நவம்பர் 2006

தம்பி,

நீ சின்னவனாக இருந்தபோது உன்னை அப்படித்தான் கூப்பிடுவேன், எப்போது விட்டேன் என்று தெரியவில்லை.

அந்தப் பெண் அழுதது பொய் இல்லை. அவளுக்கு அழ வேண்டியிருந்தது, ஒரு அமைதியான இடம் கிடைத்தது, அழுதாள். கர்த்தர் உன் காதில் ஊதித்தான் அவளைத் தொட வேண்டுமா? அவருக்கு வேறு வழியே கிடையாதா? நானும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறவள்தான், இதை உன் பாஸ்டரிடமே சொல்வேன்.

அப்பாவின் கடைசி வருஷம் உனக்கு நினைவிருக்காது, நீ கைக்குழந்தை. எனக்குக் கொஞ்சம் நினைவிருக்கிறது. நான் கத்திக் கூப்பிடுவேன், அவர் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்தோடு அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். எங்களுக்குத்தான் அப்பா இல்லை. ஜெமிமாவுக்கு அதைச் செய்துவிடாதே, உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

அம்மா இப்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "பிள்ளை நல்லாருக்கால்ல?" என்கிறாள். கிங்ஸ்லி டாக்டரிடம் போயிருக்கான் அம்மா என்றால், "அவன் இல்ல, சின்னப் பிள்ளை" என்கிறாள். எனக்குப் புரியவில்லை.

ஷீபாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். மன்னித்துக்கொள்.

பியூலா


கொண்டாப்பூர்
3 டிசம்பர் 2006

அக்கா,

நேற்று மண்டபத்தில் கன்வென்ஷனுக்குக் கடைசி ஒத்திகை. ஷீபா உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை, பாட மட்டும் வந்தாள். ஜெமிமாவையும் கூட்டி வந்திருந்தாள்.

பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்தார். நான் அந்தச் சுருதியை அழுத்திப் பிடித்தேன். ஜெமிமா மேடையேறி வந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்து, "டாடி, இது ராங். இன்னும் மேல" என்றாள்.

எது மேலே என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"காதுல வர்ற சவுண்டு. நேனு செப்பானு கதா டாடி. ரோஜூ செப்பானு."

சொன்னேனே, தினமும் சொன்னேனே என்கிறாள். எந்தக் காது என்று கேட்டேன். இடது காதைத் தொட்டுக் காட்டினாள். பாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாப்பாவுக்கும் கிருபை இறங்கியிருக்கு!" என்று மைக்கில் சொல்லி, கன்வென்ஷனில் அவளை மேடையில் நிறுத்த வேண்டும் என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்தது அக்கா. உன்னிடம் மறைக்க மாட்டேன், முதலில் சந்தோஷம்தான் வந்தது.

அவளைக் கண்ணை மூடச் சொன்னேன். கீபோர்டின் சுருதியை மெல்ல மெல்ல நகர்த்தினேன். என் சத்தம் இருக்கிற இடத்தைத் தாண்டியது, அவள் கையைத் தூக்கவில்லை. அதற்கு மேலே நன்றாகத் தள்ளி ஓரிடத்தில் தூக்கினாள். கீழே இறக்கிவிட்டு மறுபடி செய்தேன். அதே இடம். இன்னொரு தரம் செய்தேன். அதே இடம்.

அப்பாவின் ரீடு ஒரு இழை கீழே நின்றதைப் பித்தளை இறங்கிவிட்டது என்று எழுதினேன் அல்லவா? இறங்கவில்லை. அது அப்பாவுடைய சத்தம். இது என்னுடையது. அது அவளுடையது. மேலேயிருந்து ஒருவர் கொடுத்ததாக இருந்தால் மூன்று பேருக்கும் ஒன்றாகத்தானே இருந்திருக்கும்? இதுகூடத் தெரியாமல் மூன்று மாதமாக ஒரு சபையையே என் மண்டைக்குள் இருக்கிற கட்டிக்குச் சுருதி சேர்த்திருக்கிறேன்.

சங்கர் எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தான். ஸ்பீக்கர்கள் நின்றன. மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு மட்டும் என் சத்தம் நிற்கவில்லை. கீழே பார்த்தேன். ஜெமிமா விரலைக் காதுக்குள் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஷீபா ஓடி வந்தாள்.

பாஸ்டரிடம் கன்வென்ஷனுக்கு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கீபோர்டின் சுருதியைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டுத்தான் வந்தேன். செவ்வாய்க்கிழமை இரண்டு பேருக்கும் ஸ்கேன். எனக்கு என்ன எடுத்தாலும் எடுக்கட்டும், இரண்டு காதையும் எடுக்கட்டும். இந்தச் சத்தம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்று ராத்திரி ராத்திரியாக ஜெபித்தவன் நான். இப்போது அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, எப்படியாவது இதை அவளிடமிருந்து எடுத்துவிடும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். எந்த முகத்தோடு கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ வா அக்கா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. ரயில் தேதியை ஷீபாவின் போனுக்குச் சொல். இந்த முறை ஸ்டேஷனில் நிற்பேன்.

வீட்டுக்கு வந்ததும் ஷீபா அவளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள், எப்போதிலிருந்து கேட்கிறது, ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று. அவள் என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற மாதிரிப் பார்த்துவிட்டு, விரலை உதட்டில் வைத்தாள்.

ஒவ்வொரு ராத்திரியும் என் செத்த காதில் அவள் சொன்னது அதைத்தான் அக்கா. நான்தான் தலையை ஆட்டி, யாரிடமும் சொல்லக் கூடாது என்றேன். அவள் நல்ல பிள்ளை. யாரிடமும் சொல்லவில்லை.

கிங்ஸ்லி